சக்தி இசைக்குழுவின் பிற்கால இசைத்தொகுப்புகள்

சக்தி என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோர் 1970களின் நடுப்பகுதியில் உருவாக்கிய இசைக்குழு ஆகும். கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, ஜாஸ் ஆகிய மூன்றும் இக்குழுவின் இசையில் கலந்துள்ளன. 1978இல் பிரிந்த இக்குழு 1997இல் "ரிமெம்பர் சக்தி" (சக்தியை நினைவில் கொள்) என்ற பெயரில் மீண்டும் கூடியது. 2023இல் வெளிவந்த தொகுப்பில் சக்தி என்ற பழைய பெயரையே மீண்டும் ஏற்றது. 1997க்குப் பின் வெளிவந்த தொகுப்புகளைப் பற்றியது இக்கட்டுரை.

நெடுங்காலம் நிலைத்த ராக் இசைக்குழுக்களின் பிற்காலத் தொகுப்புகளைப் பெரும்பாலோர் கடமைக்காகவே கேட்பர். முதல் பத்தாண்டில் கண்டறிந்ததைப் பிந்தைய முப்பது ஆண்டுகள் திரும்பச் சொல்வது அக்குழுக்களின் வழக்கம். சக்தியின் வரலாறு இதிலிருந்து வேறுபட்டது. இக்குழுவில் ஒருவர் விலகியபோதும் இறந்தபோதும் அவ்விடத்திற்கு வேறொரு கருவியோ குரலோ வந்தது. ஒவ்வொரு மாற்றமும் குழுவின் இசையையே மாற்றியது. ஆதலால் இப்பிற்காலத் தொகுப்புகளை முதல் மூன்று தொகுப்புகளின் எச்சமாகக் கருதுவது பொருந்தாது.

பின்னணி

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய முற்போக்கு ராக் என்னும் இசைவகை, மூன்று நிமிடப் பாடல் என்ற வரம்பை மீறி நீண்ட இசைக்கோவைகளையும் வழக்கத்திற்கு மாறான தாள அளவுகளையும் கையாண்டது. கிங் கிரிம்சன், யெஸ் முதலிய குழுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இதே காலத்தில் ஜாஸ் இசையும் ராக்கின் மின்கருவிகளை ஏற்கத் தொடங்கியிருந்தது. 1942இல் யார்க்சயரில் பிறந்த மெக்லாக்லின், 1969இல் நியூயார்க்கிற்குச் சென்று மைல்ஸ் டேவிசின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில் பங்கேற்றார். 1971இல் அவர் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா ஜாஸ்-ராக் குழுவாகவே வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அதன் வேகத்தையும் சிக்கலான தாளங்களையும் விரும்பிக் கேட்டவர்களுள் முற்போக்கு ராக் இரசிகர்கள் மிகப்பலர். அக்குழுவின் பெயரில் உள்ள "மகாவிஷ்ணு" என்பது மெக்லாக்லினுக்கு அவருடைய குரு ஸ்ரீ சின்மய் சூட்டிய பெயராகும்.

அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை பயின்றார். எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயண ஐயரின் மகன். வயலின் கலைஞர்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. விநாயக்ராமின் தந்தை டி. ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியங்களுக்கெனத் தனிப்பள்ளி நடத்தியவர். இராமநாதபுரம் இராகவனின் மிருதங்கமும் சேர, 1975இல் நியூயார்க் மாநிலத்தின் சௌத்தாம்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியின் பதிவு முதல் தொகுப்பாக 1976இல் வெளியானது. "எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி", "நேச்சுரல் எலிமென்ட்ஸ்" (1977) ஆகிய இரண்டும் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானவை.

அந்நாட்களில் மெக்லாக்லின் மின்கிதாரைக் கைவிட்டு, தனக்கெனச் செய்யப்பட்ட ஒரு மரக்கிதாரை வாசித்தார். அதன் வழக்கமான கம்பிகளுக்குக் குறுக்கே ஏழு ரீங்காரக் கம்பிகள் இருந்தன. விரற்பலகையில் மெட்டுகளுக்கு இடையிலான மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. கம்பியை ஆழமாக அழுத்தியும் இழுத்தும் கமகம் பிடிக்க இக்குழிவு உதவியது. வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் கிடைக்கும் வசதியைக் கிதாரில் பெறச் செய்த ஏற்பாடு என்று இதனைக் கொள்ளலாம்.

தாளத்தைப் பற்றி ஒரு விளக்கம்

பிற்காலத் தொகுப்புகளைப் புரிந்துகொள்ள, முற்போக்கு ராக்கின் தாளச் சிக்கலுக்கும் கருநாடக இசையின் தாளச் சிக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. ராக் குழுக்கள் பெரும்பாலும் சுற்றின் அளவையே மாற்றுகின்றன. நான்கு எண்ணிக்கையில் செல்லும் பாடல் திடீரென ஏழுக்கோ ஐந்துக்கோ மாறுகிறது. கருநாடக இசையில் தாளச்சுற்று மாறாமல் நிற்க, சிக்கல் அதனுள் நிகழ்கிறது.

எடுத்துக்காட்டாக, ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் 8 அட்சரங்கள் உள்ளன. சதுசுர நடையில் அட்சரத்திற்கு 4 மாத்திரை என 32 மாத்திரைகள் வரும். "ததிங்கிணதொம்" என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மும்முறை சொல்லி, இடையில் இரண்டு இரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் கூட்டுத்தொகை 5+2+5+2+5 = 19 ஆகும். இது சரியாகச் சமத்தில் முடியவேண்டுமானால், சுற்றில் 13 மாத்திரைகள் கழிந்தபின் தொடங்க வேண்டும். அதாவது மூன்று அட்சரங்களுக்குப் பிறகு ஒரு மாத்திரை தள்ளித் தொடங்க வேண்டும். கையால் தாளம் போட்டுக்கொண்டே இதனைச் சொல்லிப் பார்ப்பவர், நடுவில் தாளம் தவறிவிட்டதோ என்ற ஐயத்தையும் இறுதியில் எல்லாம் ஒன்றாய்ச் சேரும் நிறைவையும் உணர்வார். இவ்வாறு சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கலையே கொன்னக்கோல் ஆகும். சக்தியின் நிகழ்ச்சிகளில், இசைப்பயிற்சி இல்லாதோரும் ஆரவாரம் செய்யும் இடங்களுள் பல இத்தகைய முடிவுகளே.

இடைவெளியும் மீட்சியும்

1978க்குப் பின் உறுப்பினர்கள் தனித்தனி வழிகளில் சென்றனர். எல். சங்கர் பத்துக் கம்பிகள் கொண்ட இரட்டை வயலின் ஒன்றை உருவாக்கினார். ஜாகிர் உசேனின் "மேக்கிங் மியூசிக்" (1987) தொகுப்பில் மெக்லாக்லினும் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவும் உடன் வாசித்தனர். அமெரிக்கத் தாளவாத்தியக் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் "பிளானெட் டிரம்" தொகுப்பில் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் இடம்பெற்றனர். உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது 1992இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றது இத்தொகுப்பே.

1997இல் இங்கிலாந்தில் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விநாயக்ராம் மூவரும் மீண்டும் இணைந்தனர். எல். சங்கர் இதில் இடம்பெறவில்லை. அவருடைய இடத்தில் சௌராசியா வாசித்தார். அந்நிகழ்ச்சிகளின் பதிவு "ரிமெம்பர் சக்தி" என்ற பெயரில் 1999இல் இரண்டு இறுவட்டுகளாக வெளிவந்தது. அதில் "முக்தி" என்ற ஒரு பகுதி மட்டும் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது.

வயலினும் கிதாரும் ஒன்றையொன்று துரத்திய பழைய சக்தியை எதிர்பார்த்து இதனைக் கேட்போர் ஏமாற்றம் அடையக்கூடும். புல்லாங்குழலின் இயல்பு வேறு. ஆலாபனை மெல்ல விரிகிறது. மெக்லாக்லின் பல இடங்களில் பக்கத்துணையாக ஒதுங்கி நிற்கிறார். கச்சேரியில் இருக்கும் பொறுமையுடன் கேட்டால் மட்டுமே பொருள்படும் தொகுப்பு இது. ரீங்காரக் கம்பிகள் கொண்ட பழைய மரக்கிதாருக்குப் பதிலாக மெக்லாக்லின் இப்போது மெல்லிய ஒலியுடைய மின்கிதாரைக் கையாண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. சௌராசியா குழுவில் நீடிக்கவில்லை.

மாண்டலினும் கஞ்சிராவும்

அடுத்த மாற்றம் குழுவின் போக்கையே திருப்பியது. உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (மாண்டலின் ஸ்ரீநிவாஸ்) 1969 பெப்ரவரி 28 அன்று ஆந்திரத்தின் பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே சென்னையில் குடியேறியவர். மாண்டலின் ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி. குறுகிய கழுத்தும் நெருங்கிய மெட்டுகளும் கொண்டது. மீட்டிய ஒலி உடனே தேய்ந்துவிடும். நீண்ட கமகங்களுக்கு இதைவிடப் பொருத்தமற்ற கருவியைக் காண்பது அரிது. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை ஐந்து கம்பிகள் கொண்டதாக அமைத்துக்கொண்டு, கம்பியை இழுத்தும் மெட்டுகளின் மேல் விரலை வழுக்கியும் தோடி, கல்யாணி போன்ற இராகங்களை வாசித்துக் காட்டினார். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே சென்னைச் சபாக்களில் புகழ்பெற்றார்.

இங்கே ஒரு பொருத்தம் உள்ளது. மெட்டு வைத்த மேலைக்கருவியில் கமகத்தை எவ்வாறு கொண்டுவருவது என்ற சிக்கலை மெக்லாக்லின் மேற்கிலிருந்து வந்து கிதாரில் எதிர்கொண்டார். அதே சிக்கலை ஸ்ரீநிவாஸ் கருநாடக இசையிலிருந்து புறப்பட்டு மாண்டலினில் எதிர்கொண்டார். கிதாரும் மாண்டலினும் ஒரே குடும்பத்துக் கருவிகள். ஆதலால், பழைய சக்தியில் வில்லிசைக்கருவிக்கும் மீட்டுகருவிக்கும் இடையே இருந்த முரண் மறைந்து, ஒரே குரலில் இருவர் பேசுவது போன்ற ஒலி பிறந்தது. சில இடங்களில் யார் வாசிக்கிறார் என்பதைக் கூர்ந்து கேட்டே அறிய முடியும்.

விநாயக்ராமின் இடத்திற்கு அவருடைய மகன் வி. செல்வகணேஷ் வந்தார். கடம், மிருதங்கம் ஆகியவற்றையும் வாசிக்கும் இவரது முதன்மைக் கருவி கஞ்சிரா ஆகும். பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் போர்த்திய இச்சிறு கருவி, கச்சேரி மேடைக்கு மிகப் பழையது அன்று. அதற்கு அங்கே இடம் பெற்றுத் தந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. புதுக்கோட்டை மரபில் வந்த பழனி முத்தையா பிள்ளையும் அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் (1908–1962) இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பழனியின் பெயரைத் தாளவாத்திய உலகில் நிலைநிறுத்தினர். இடக்கையால் மிருதங்கம் வாசித்த சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவிலும் வல்லவர். ஒருகையில் பிடித்து மறுகையால் மட்டும் வாசிக்கும் இக்கருவியில், பிடித்த கையின் விரல்கள் தோலை அழுத்தித் தளர்த்துவதால் சுருதி வளைந்து இறங்கும். ராக் இசையில் அடித்தொனிக் கிதாரும் பெருமுரசும் செய்யும் வேலையைச் சக்தியின் பிற்காலத் தொகுப்புகளில் ஓர் உள்ளங்கையளவுத் தோல் செய்கிறது. நல்ல ஒலிபெருக்கியில் கேட்டாலன்றி இதனை உணர்வது கடினம்.

(தமிழ்த் திரைப்பட இரசிகர்களுக்குச் செல்வகணேஷ் வேறு வழியிலும் அறிமுகமானவர். பழனி வட்டாரச் சிற்றூர் ஒன்றைக் களமாகக் கொண்ட "வெண்ணிலா கபடி குழு" (2009) திரைப்படத்தின் இசையமைப்பாளர் இவரே.)

இந்நால்வர் கூட்டணியின் முதல் தொகுப்பு "தி பிலீவர்" (நம்பிக்கையாளன்) 2000இல் வெளியானது. 1999ஆம் ஆண்டின் நேரடி நிகழ்ச்சிகளிலிருந்து எடுக்கப்பட்டது. பிற்காலத் தொகுப்புகளுள் முதன்முதலாகக் கேட்க விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது எனலாம். இதில் "மா நோ பா" என்ற பகுதியின் தலைப்பைச் சுர எழுத்துகளாக வாசித்தால், மத்திமம் உண்டு, பஞ்சமம் இல்லை என்று பொருள்படும். 1976ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த "லோட்டஸ் ஃபீட்" (திருவடித் தாமரை) 1999ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் பின்னர் இத்தொகுப்பிலும் இடம்பெற்றது. ஒரே மெட்டை முதலில் வயலினும் பிறகு புல்லாங்குழலும் அதன்பின் மாண்டலினும் ஏற்று வாசித்த மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்பது இக்குழுவின் வரலாற்றை அறிய எளிய வழியாகும். வயலின் வடிவம் சுருக்கமானது. ஐந்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

மும்பைப் பதிவு

2000 திசம்பரில் மும்பையில் நடந்த நிகழ்ச்சிகள் "சாட்டர்டே நைட் இன் பாம்பே" (பம்பாயில் ஒரு சனிக்கிழமை இரவு) என்ற பெயரில் 2001இல் வெளியாயின. சந்தூர்க் கலைஞர் சிவகுமார் சர்மா, வழுக்குக் கிதார் கலைஞர் தேபாசிஷ் பட்டாச்சார்யா, டிரம்ஸ் சிவமணி, தவில் கலைஞர் ஏ. கே. பழனிவேல் எனப் பலர் விருந்தினராக வாசித்தனர். விருந்தினர் மிகுந்ததால் நால்வரின் நெருக்கம் குறைந்தது என்ற குறை இத்தொகுப்புக்கு உண்டு. ஆயினும் ஒரு காரணத்தால் இது திருப்புமுனையானது. சக்தியின் மேடையில் மனிதக்குரல் முதன்மை பெற்றது.

அக்குரல் சங்கர் மகாதேவனுடையது. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" (2000) திரைப்படப் பாடலுக்குத் தேசிய விருது பெற்றவர். தியாகராசர் கிருதி ஒன்றின் தொடக்கச் சொற்களைப் பெயராகக் கொண்ட "கிரிராஜ் சுதா" என்ற பகுதி இத்தொகுப்பில் இடம்பெற்றது. பங்காள இராகத்தில் அமைந்த இக்கிருதி தமிழகக் கச்சேரிகளில் நன்கு அறியப்பட்டது. பழைய சக்தி பெரும்பாலும் சொல்லற்ற கருவியிசை. வாயிலிருந்து பிறந்தவை சொற்கட்டுகளே. மும்பைப் பதிவுக்குப்பின் சாகித்தியமும் குழுவின் பொருளாயிற்று. சங்கர் மகாதேவன் பின்னர் குழுவின் நிலையான உறுப்பினரானார்.

இராகத்தின் கீழ் ஒத்திசைவு

அடுத்த இருபது ஆண்டுகளில் குழு உலகெங்கும் நிகழ்ச்சிகள் நடத்தியது. எனினும் புதிய ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பு எதுவும் வரவில்லை. மெக்லாக்லின் 2007இல் சென்னையில் பதிவுசெய்த "ஃப்ளோட்டிங் பாயிண்ட்" (2008), அவருடைய தனித்தொகுப்பே. 2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் தம் 45ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவருடன் அக்கூட்டணியும் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

இடைப்பட்ட காலத்தில் மெக்லாக்லினை ஆட்கொண்டது வேறொரு கேள்வி. ஓர் இராகத்தை அதன் இயல்பில் பாடவிட்டு, அதன்கீழ் மேலை இசையின் ஒத்திசைவை வைக்க முடியுமா? சங்கர் மகாதேவன், ஜாகிர் உசேன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட "ஈஸ் தட் ஸோ?" (அப்படியா?, 2020) இம்முயற்சியின் விளைவாகும். சக்தி என்ற பெயரில் வராவிடினும், அதன் அடுத்த தொகுப்புக்கு வழிவகுத்தது இதுவே.

இது எளிய காரியம் அன்று. தம்பூராவின் சட்சம் மாறாது ஒலிக்க, ஒவ்வொரு சுரமும் அதனோடு கொள்ளும் உறவிலிருந்தே தன் சுவையைப் பெறுகிறது. மோகன இராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுரங்கள் ச, ரி, க, ப, த என்ற ஐந்தும் ஆகும். அடியில் ச–க–ப என்ற சுரக்கூட்டு ஒலித்தால் காந்தாரம் காந்தாரமாகவே கேட்கும். அடியிலுள்ள கூட்டு த–ச–க என மாறினால், அதே காந்தாரம் தைவதத்தை அடியாகக் கொண்ட கூட்டின் பஞ்சமமாகி விடுகிறது. பாடகர் ஏதும் மாற்றவில்லை. ஆனால் சுரத்தின் பொருள் மாறிவிட்டது. தைவதத்தையே சட்சமாகக் கொண்டால் மோகனம் சுத்த தன்யாசியாக மாறும் என்பதைக் கிரக பேதம் பயில்வோர் அறிவர். எனவே ஒத்திசைவை மாற்றிக்கொண்டே செல்வது, இராகத்தை அதன் வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் வெளியே அழைத்துச் செல்வதாகும். இராகத்தின் தனித்தன்மை கரைந்துவிடும் என்று இசைவாணர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைவதும், சுரக்கூட்டு அசையாத சுரங்களை வேண்டுவதும் இன்னொரு தடையாகும்.

தமிழ் இரசிகர்களுக்கு இக்கேள்வி புதியது அன்று. இராகங்களின் கீழ் ஒத்திசைவும் எதிரிசையும் வைப்பதைத் திரையிசையில் நாள்தோறும் கேட்கும் வாய்ப்பை இளையராஜா ஏற்படுத்தியிருந்தார். அவருடைய "ஹவ் டு நேம் இட்?" (1986) தொகுப்பு தியாகராசருக்கும் பாக்கிற்கும் ஒருசேரக் காணிக்கையாக்கப்பட்டது. ஆனால் இளையராஜாவிடம் எல்லாக் குரல்களும் முன்கூட்டியே எழுதப்பட்டவை. பாடகர் அந்நேரத்தில் தோன்றியவாறு விரிவாக்கம் செய்யும்போது ஒத்திசைவு எவ்வாறு பின்தொடரும் என்பதே மெக்லாக்லின் எதிர்கொண்ட கூடுதல் சிக்கல்.

திஸ் மொமென்ட்

"திஸ் மொமென்ட்" (இத்தருணம்) 2023 சூன் 30 அன்று வெளியானது. 1977க்குப் பின், 46 ஆண்டுகள் கழித்துச் சக்தி என்ற பெயரில் வந்த முதல் ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பு இது. மெக்லாக்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ் ஆகியோருடன், கணேஷ்–குமரேஷ் இணையரில் மூத்தவரான வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலன் சேர்ந்தார். எல். சங்கர் விலகிய பின் முதன்முறையாகக் குழுவில் மீண்டும் கருநாடக வயலின் ஒலித்தது. ஐவருள் மூவர் கொன்னக்கோல் சொல்வோர்.

தொகுப்பில் எட்டுப் பகுதிகள் உள்ளன. முதலாவதான "ஸ்ரீனிஸ் ட்ரீம்" (ஸ்ரீயின் கனவு) ஸ்ரீநிவாசின் நினைவைத் தாங்கியது. "மோகனம்" இராகத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. "கிரிராஜ் சுதா" மீண்டும் இடம்பெற்றது. 2001ஆம் ஆண்டு வடிவத்தையும் இதனையும் ஒப்பிட்டுக் கேட்டால், முன்னதில் மேடையின் வெப்பமும் பின்னதில் அடுக்கடுக்கான குரல்களும் கிதார் ஒத்திசைவும் மேலோங்கி நிற்பது தெளிவாகும்.

பெருந்தொற்றுக் காலத்தில், உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டே தத்தம் பகுதிகளைப் பதிந்து ஒருவருக்கொருவர் அனுப்பி இத்தொகுப்பை உருவாக்கினர். "இத்தருணம்" என்று பெயரிட்ட இசை, ஒரே தருணத்தில் வாசிக்கப்படாதது ஒரு விந்தை. இதன் நன்மையும் தீமையும் தொகுப்பில் ஒருங்கே தெரிகின்றன. குரலையும் ஒத்திசைவையும் நிதானமாக அடுக்க முடிந்ததால், இராகத்தின் கீழ் ஒத்திசைவு என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்தவற்றுள் இனிமையான விடை இதில் கிடைத்துள்ளது. மறுபுறம், ஒருவர் எதிர்பாராத இடத்தில் முடிக்க, மற்றவர் சிரித்துக்கொண்டே அதனைப் பிடித்துத் திருப்பித் தரும் அந்தப் பழைய மேடைச் சண்டை இதில் குறைவு. தனி ஆவர்த்தனத்தை விரும்பிக் கேட்போர் இதனை உடனே உணர்வர். பகுதிகளும் முந்தைய தொகுப்புகளை நோக்கச் சுருக்கமானவை.

இத்தொகுப்பு 2024 பெப்ரவரி 4 அன்று சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதே நாளில் ஜாகிர் உசேன் வேறொரு குழுவுடன் செய்த தொகுப்புக்கும் அதில் இடம்பெற்ற படைப்புக்குமாக மேலும் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றார்.

ஐம்பதாம் ஆண்டுப் பயணம்

2023இல் குழு ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தை மேற்கொண்டது. சனவரியில் இந்திய நகரங்களில் தொடங்கிய இந்நிகழ்ச்சிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடர்ந்தன. தனித்தனி அறைகளில் பதியப்பட்ட இசை இப்பயணத்தில்தான் ஐவரும் ஒன்றாக வாசிக்கும் இசையாக மாறியது. ஒலிப்பதிவில் நான்கு சுற்றுகளில் முடிந்தவை மேடையில் நெடுநேரம் நீண்டன. மெக்லாக்லின் அப்போது 81 வயதை நிறைவு செய்திருந்தார்.

2024 திசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் தம் 73ஆம் வயதில் காலமானார். தொடக்கம் முதல் எல்லாத் தொகுப்புகளிலும் இடம்பெற்ற இருவருள் அவர் ஒருவர், மற்றவர் மெக்லாக்லின். 2023ஆம் ஆண்டுப் பயணத்தின் பதிவுகள் "மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்" என்ற பெயரில் 2025இல் தொகுப்பாக வெளிவந்தன. இத்தொகுப்பு 2026ஆம் ஆண்டுக் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஸ்ரீநிவாசின் நினைவாக அமைந்த "ஸ்ரீனிஸ் ட்ரீம்" பகுதியின் மேடை வடிவம், ஜாகிர் உசேனின் தபேலாவுடன், சிறந்த உலக இசை நிகழ்த்தல் பிரிவில் தனியாகவும் பரிந்துரைக்கப்பட்டது.